தைராய்டு எல்லாருக்கும் இருக்கு

"எனக்குத் தைராய்டு இருக்குங்க." கல்யாணப் பந்தியிலும் ரயில் பெட்டியிலும் இதைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. கேட்கும்போதெல்லாம் ‘எனக்கும்தான் இருக்கு’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். கல்லீரல், கணையம் மாதிரி தைராய்டும் எல்லாருக்கும் இருக்கிற ஒரு சுரப்பி. அது குறைவாகச் சுரக்கிறதா, அதிகமாகச் சுரக்கிறதா, அதில் கட்டி வந்திருக்கிறதா என்பதை அந்த ஒற்றை வாக்கியம் சொல்வதில்லை. மூன்றும் வேறு வேறு சங்கதி. ஒன்றுக்குத் தருகிற மாத்திரை இன்னொன்றைக் கெடுக்கும்.

போன மாதம் மதுரையில் இருக்கிற பெரியம்மா மகள் இரண்டு காகிதங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். முதலாவது ரத்தப் பரிசோதனை: டிஎஸ்எச் 2.1. இரண்டாவது கழுத்து ஸ்கேன்: வலது பக்கம் 1.8 சென்டிமீட்டரில் ஒரு நாட்யூல், டிஐ-ராட்ஸ் 4. கீழே ஒரு வரி. "ரத்தம் நார்மல்னுட்டாங்க. அப்புறம் எதுக்கு ஊசி போட்டுப் பாக்கணும்கிறாங்க?"

நல்ல கேள்வி. தைராய்டு பற்றி ஆரம்பத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் இந்தக் கேள்விக்கான பதிலிலேயே அடங்கிவிடும். தோட்டத்து மாமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டில் ஒரு முடிச்சு விழுந்திருக்கும். காய்ப்பில் குறையே இருக்காது. இன்னொரு மரம் பார்க்க வழுவழுவென்று இருக்கும், பூவே எடுக்காது. காயை எண்ணி முடிச்சைப் பற்றிச் சொல்ல முடியாது, முடிச்சைத் தடவிப் பார்த்துக் காய்ப்பைச் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனை காயை எண்ணுகிறது. ஸ்கேன் முடிச்சைப் பார்க்கிறது.

முதலில் காய்ப்பு

முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறது தைராய்டு. இரண்டு மடல், நடுவில் ஒரு மெல்லிய பாலம். பெரியவர்களுக்கு எடை 15 முதல் 25 கிராம்தான். சாப்பாட்டில் வரும் அயோடினை உறிஞ்சி டி4, டி3 என்று இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. அந்த 4-ம் 3-ம் அயோடின் அணுக்களின் எண்ணிக்கை. பெரும்பாலும் டி4 ஆகத்தான் வெளியே வரும். உடம்புக்குள் ஓர் அயோடின் கழன்று டி3 ஆகும்போதுதான் அது முழு வீச்சில் வேலை செய்யும். இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக நகர வேண்டும், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் வேகம் வைப்பது இந்த ஹார்மோன்தான்.

டிஎஸ்எச் தைராய்டு சுரப்பது இல்லை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்குப் போடும் அதட்டல். மாட்டுவண்டி ஓட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மாடு மெதுவாக நடந்தால் அவர் சத்தம் ஏறும். மாடு தறிகெட்டு ஓடினால் வாயை மூடிக்கொள்வார். அதனால் டிஎஸ்எச் ஏறியிருந்தால் தைராய்டு சோம்பிக் கிடக்கிறது என்று பொருள். டிஎஸ்எச் அடியில் கிடந்தால் தைராய்டு ஓடிக்கொண்டிருக்கிறது. "எனக்கு டிஎஸ்எச் 12, தைராய்டு ஜாஸ்தியாயிடுச்சு" என்று சொல்பவருக்கு உண்மையில் குறைந்திருக்கிறது.

பொதுவாக 0.4 முதல் 4 வரை சரி என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும். கர்ப்பிணிகளுக்குத் தனிக் கணக்கு, வயதானவர்களுக்கு மேல் எல்லை சற்றுத் தளரும். டிஎஸ்எச் ஏறி டி4-ம் குறைந்திருந்தால் மாத்திரை வேண்டும் என்பதில் தகராறு இல்லை. டிஎஸ்எச் ஆறோ ஏழோ இருந்து டி4 சரியாகவே இருப்பவர்கள்தான் ஏராளம். அவர்களில் பலருக்கு உடனே மாத்திரை தேவைப்படாது. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் தானே இறங்கியிருப்பதும் உண்டு. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து வாழ்நாள் முடிவு எடுக்க வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களுக்கும் மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது.

குறைவாகச் சுரந்தால் அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வறண்ட தோல், முடி உதிர்தல், மாதவிலக்கில் மாற்றம், முகம் உப்பிப்போதல். இதில் பாதி நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்குமே இருப்பதுபோலத் தோன்றும். அதனாலேயே கண்டுபிடிப்பு தள்ளிப்போகும். இல்லாத தைராய்டின் மேல் பழி போடுவதும் நடக்கும். காரணங்களில் முதலிடம் ஹஷிமோட்டோ நோய்க்கு. ஹஷிமோட்டோ ஹக்காரு என்ற ஜப்பானிய மருத்துவர் 1912-ல் நான்கு பெண்களின் தைராய்டைச் சோதித்து எழுதியது. உடம்பின் எதிர்ப்புப் படையே ஆள் தெரியாமல் தன் சுரப்பியை அரிக்கிறது. ரத்தத்தில் அந்தப் படையின் ஆயுதமான டிபிஓ ஆன்டிபாடி பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

மருந்தின் கதை இதைவிடச் சுவாரசியம். 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு வற்றிப்போன ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டைச் சாறாக்கி ஊசியில் ஏற்றினார். அவர் எழுந்து நடமாடி இன்னும் 28 வருஷம் உயிரோடு இருந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகள் ஆயின. இன்றைக்கு ஆடு வேண்டாம். லெவோதைராக்சின் என்ற சின்ன மாத்திரை போதும். உடம்பு தானே செய்ய வேண்டிய டி4-ஐ அப்படியே செய்து தருகிறார்கள். "ஆரம்பிச்சா விடவே முடியாதாமே" என்று பயப்படுவார்கள். சுரப்பி வற்றியிருந்தால் விட முடியாதுதான். ஆனால் அதைப் பழக்கம் என்று சொல்வது, கண்ணாடி போட்டவரைக் கண்ணாடிக்கு அடிமை என்று சொல்வது மாதிரி.

மாத்திரை வேலை செய்யாததற்கு நம் ஊரில் பெரிய காரணம் காபி. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேறு எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். டிகாக்‌ஷன் வாசனை மூக்கில் ஏறும்போது அது எவ்வளவு பெரிய தவம் என்பது எனக்கும் தெரியும். காபியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். பத்தே நாளில் பார்ப்பது காசுக்குக் கேடு. முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். அது எண்களைப் பொய்யாக்கும். மாத்திரையில் இருக்கும் பெண்கள் கர்ப்பம் உறுதியானதும் அந்த வாரமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டோஸை உடனே கால் பங்குக்குக் குறையாமல் ஏற்ற வேண்டியிருக்கும். முதல் சில மாதங்களில் குழந்தையின் மூளை தாயின் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது.

அதிகமாகச் சுரந்தால் நேர் எதிர்: படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, சாப்பிட்டும் எடை குறைதல், தூக்கமின்மை. சிலருக்குக் கண் பிதுங்கும். டிஎஸ்எச் அடியில் விழுந்திருப்பதைப் பார்த்தவுடன் மருந்து எழுதக்கூடாது. ஏன் விழுந்தது என்று முதலில் கேட்க வேண்டும். கிரேவ்ஸ் நோயில் சுரப்பி நிஜமாகவே அதிகம் தயாரிக்கிறது. தைராய்டு அழற்சியில் தயாரிப்பு கூடுவதில்லை. சேமித்து வைத்தது ஓட்டைப் பானையிலிருந்து கசிகிற மாதிரி கசிகிறது. அது சில வாரங்களில், மாதங்களில் தானே அடங்கும். தயாரிப்பைத் தடுக்கும் கார்பிமசோல் முன்னதற்கு மருந்து, பின்னதற்கு வீண். ஆன்டிபாடிப் பரிசோதனையோ, டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் ஐசோடோப் ஸ்கேனோ இரண்டையும் பிரித்துக் காட்டும். கார்பிமசோல் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அரிதாக அது சரேலென்று இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து.

உப்பு பற்றி ஒரு வார்த்தை. இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-லிருந்து மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் ஒரு பகுதிக்குச் சாதா உப்பையும் மற்ற பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். கலந்த உப்பு போன இடத்தில் பிள்ளைகளின் கழுத்துக்கழலை குறைந்தது. நாட்டின் கழலைத் தடுப்புத் திட்டம் 1962-ல் பிறந்தது இதன் தொடர்ச்சியாகத்தான். இப்போது வசதியுள்ள வீடுகளில் ‘இயற்கை’ என்று இந்துப்புக்கு மாறுகிறார்கள். அயோடின் சேர்க்காத உப்பில் அது சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். அதே சமயம் ஹஷிமோட்டோ வந்தவர் அயோடினை அள்ளித் தின்றால் குணமாகிவிடும் என்பதும் இல்லை. சில சமயம் கூடுதல் அயோடினே கெடுத்துவிடும். முட்டைக்கோஸ், காலிஃபிளவரைச் சமைத்துச் சாப்பிட யாரும் பயப்பட வேண்டாம்.

இப்போது முடிச்சு

‘கட்டி’ என்ற நம் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. அக்குளில் பழுத்து உடைவதும் கட்டி, முதுகில் உருளுகிற கொழுப்பும் கட்டி, புற்றுநோயும் கட்டி. அதனால் மருத்துவர் ‘தைராய்டுல சின்னக் கட்டி’ என்றதும் கேட்பவருக்கு மூன்றாவது அர்த்தம் மட்டுமே காதில் விழுகிறது. ஆங்கிலச் சொல்லான நாட்யூல் இந்த இடத்தில் உண்மையிலேயே தேவலை. அது ‘உருண்டையாக ஒன்று தெரிகிறது’ என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

கையால் தடவிப் பார்த்தால் நூறு பேரில் நாலைந்து பேருக்குத் தென்படும். ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தால் பெரியவர்களில் பாதிப் பேருக்குக்கூட ஏதாவது ஒன்று தெரியும். வயது ஏற ஏறக் கூடும், பெண்களுக்கு அதிகம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை சாது. சோதனைக்கு வரும் நாட்யூல்களில் பத்தில் ஒன்று என்ற கணக்கில்தான் புற்றுநோய் இருக்கும்.

நாட்யூல் கண்டவுடன் முதல் வேலை டிஎஸ்எச் பார்ப்பது. அது குறைந்திருந்தால் ஐசோடோப் ஸ்கேன். நாட்யூலே அதிகமாகச் சுரந்து ஸ்கேனில் ‘சூடாக’த் தெரிந்தால் அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது, ஊசியே வேண்டாம். டிஎஸ்எச் சரியாகவோ கூடியோ இருந்தால் அல்ட்ராசவுண்ட் என்ன சொல்கிறது என்பதை வைத்து முடிவு. டிஎஸ்எச் நார்மல் என்பது முடிச்சு நல்லது என்பதற்குச் சான்றிதழ் ஆகாது. தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு டிஎஸ்எச் நார்மலாகத்தான் இருக்கும். அக்காவின் கேள்விக்கு பாதிப் பதில் இது.

மீதிப் பதில் அந்த டிஐ-ராட்ஸ் 4-ல் இருக்கிறது. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017-ல் வெளியிட்ட மதிப்பெண் முறை இது. பரீட்சையில் மார்க் கூடினால் சந்தோஷம், இதில் கூடினால் கவலை. ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள். உள்ளே தண்ணீரா, கெட்டியா? தண்ணீரென்றால் பூஜ்யம். சுற்றியுள்ள தைராய்டைவிடக் கறுப்பாகத் தெரிகிறதா? ஓரம் வழவழப்பா, பிசிறடித்திருக்கிறதா? உள்ளே மணல் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள் உண்டா? கடைசியாக, குறுக்கே பார்க்கையில் அகலத்தைவிட உயரம் கூடுதலா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு எப்போதும் வியப்பு. சாதுவான முடிச்சு திசுக்களின் போக்கோடு படுத்தபடி வளரும். விஷமமானது போக்கை வெட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். நிற்பதற்கு மட்டுமே மூன்று மார்க்.

கூட்டி வரும் எண்ணை வைத்து 1 முதல் 5 வரை வகுப்பு. முதல் இரண்டுக்கு ஊசி தேவையில்லை. மூன்றென்றால் 2.5 சென்டிமீட்டர் ஆன பிறகு, நான்கென்றால் 1.5, ஐந்தென்றால் 1 சென்டிமீட்டர். அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கண்காணிப்புதான். அக்காவுடையது நாலாம் வகுப்பு, 1.8 சென்டிமீட்டர். கோட்டைத் தாண்டிவிட்டது. அதனால்தான் ஊசி. ரிப்போர்ட்டில் அளவும் வகுப்பும் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘நாட்யூல் காணப்படுகிறது’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது அரைகுறை ரிப்போர்ட், கேட்டு வாங்கலாம்.

ஊசி என்றால் எஃப்என்ஏசி. ரத்தம் எடுக்கிற ஊசியைவிடப் பெரும்பாலும் மெல்லியது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குத்தி, சில செல்களை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பார்கள். பத்து இருபது நிமிஷம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். "ஊசி பட்டா கேன்சர் பரவிடும்" என்று சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஓர் ஆள் உண்டு. இந்த மெல்லிய ஊசியால் அப்படி நடப்பது மிக மிக அரிது. இந்தப் பேச்சை நம்பி ஊசியைத் தவிர்த்துவிட்டு நேராக அறுவைக்குப் போகிறவர்கள் உண்டு. ஊசியை விட்டுக் கத்தியைப் பிடித்த கதை.

செல்களைப் பார்த்து எழுதும் முடிவுக்கும் ஆறு வகுப்புகள். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பெத்தஸ்டா என்ற ஊரில் 2007-ல் கூடிப் பேசி வகுத்ததால் பெத்தஸ்டா என்றே பெயர். ஒன்று: செல்கள் போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். (இது ‘நல்ல ரிப்போர்ட்’ என்று எண்ணி ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.) இரண்டு: சாது. ஆறு: புற்றுநோய், இங்கே சந்தேகத்துக்கு இடம் மிகக் குறைவு. ஐந்து: நாலில் மூன்று பேருக்குப் புற்றுநோயாக முடியும். குழப்பம் எல்லாம் மூன்றிலும் நான்கிலும்தான். மூன்றில் நூற்றுக்கு இருபது சொச்சம், நான்கில் முப்பது. திரும்ப ஊசி, மரபணுச் சோதனை, கண்காணிப்பு, பாதிச் சுரப்பியை எடுத்துப் பார்ப்பது என்று பல வழிகள் திறக்கும். நான்காம் வகுப்பில் ஃபாலிக்குலர் வகைக் கட்டி புற்றுநோயா இல்லையா என்பது, அது தன் உறையையோ ரத்தக் குழாயையோ துளைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நாலு செல்லை உறிஞ்சிப் பார்த்தால் அது தெரியாது. வேலி உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேலியைப் பார்க்க வேண்டும், உள்ளே மேயும் ஆட்டை அல்ல.

சாதுவென்று வந்த நாட்யூலைக் கரைக்க, டிஎஸ்எச் சரியாக இருக்கிறவருக்கும் தைராக்சின் மாத்திரை கொடுக்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. இப்போதைய வழிகாட்டுதல்கள் அதை வேண்டாம் என்கின்றன. பலன் சொற்பம், இதயத்துக்கும் எலும்புக்கும் தொந்தரவு உண்டு. நாட்யூல் பெரிதாகி மூச்சையோ விழுங்குவதையோ அழுத்தினால் அறுவை செய்யலாம்; சில இடங்களில் ரேடியோ அலை வெப்பத்தால் சுருக்குகிறார்கள்.

புற்றுநோய் என்றே வந்துவிட்டால்

பத்தில் எட்டுக்கு மேல் பாப்பில்லரி வகை. மெதுவாக நகரும். கழுத்து நிணக்கணுக்களுக்குப் போயிருந்தாலும் பெரும்பாலோர் முழு ஆயுசு வாழ்வார்கள். ஃபாலிக்குலர் வகை அதற்கடுத்தது. இது ரத்தத்தின் வழியாக எலும்புக்கும் நுரையீரலுக்கும் போகப் பார்க்கும். மெடுல்லரி வேறு குலம். கால்சிட்டோனின் சுரக்கும் செல்களிலிருந்து வருவது, குடும்பத்தில் தொடரக்கூடியது. அதனால் அது வந்தவரின் உறவினர்களும் ரெட் என்ற மரபணுவைச் சோதிக்க வேண்டியிருக்கும். அனபிளாஸ்டிக் நூற்றில் ஒன்றிரண்டுதான், பெரும்பாலும் முதியவர்களுக்கு. அது வாரக் கணக்கில் வளரும் கொடியது. பெயர் ஒன்றாக இருந்தாலும் முதலாவதும் கடைசியும் ஒரே நோயென்று சொல்ல மனம் வராது.

நிலைகளை வகுப்பதிலும் தைராய்டு தனி வழி. பாப்பில்லரி, ஃபாலிக்குலர் வகைகளில் நோயாளிக்கு 55 வயதுக்குக் கீழ் என்றால், நுரையீரலுக்கே பரவியிருந்தாலும் இரண்டாம் நிலைதான். மூன்று, நான்கு என்று அவர்களுக்கு எழுதுவதே இல்லை.

அறுவைச் சிகிச்சைதான் அடிப்படை. பாதியா முழுசா என்பது அளவையும் பரவலையும் பொறுத்தது. ஒரு சென்டிமீட்டருக்குள், ஒரே பக்கம் என்றால் பாதி எடுத்தால் போதும். ஒன்றிலிருந்து நாலு சென்டிமீட்டர் வரை, வெளியே போகாதிருந்தால், பாதி போதுமா என்று தைரியமாகக் கேளுங்கள், பலருக்குப் போதும். பாதி எடுத்தவர்களில் பலர் மாத்திரையே இல்லாமல் வாழ்கிறார்கள். முழுசாக எடுத்தால் ஆயுள் முழுக்க மாத்திரை. கத்திக்குப் பக்கத்தில் இரண்டு ஆபத்தான அயலார் உண்டு. ஒன்று குரல் நரம்பு. அடிபட்டால் குரல் கம்மும். இன்னொன்று அரிசி மணி அளவில் சாதாரணமாக நாலு பாராதைராய்டு சுரப்பிகள். அவை அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். அறுவைக்குப் பிறகு உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துகிற மாதிரி மரமரத்தால் உடனே சொல்ல வேண்டும். இந்த அறுவையைப் பாதுகாப்பானதாக்கிய சுவிஸ் அறுவை நிபுணர் தியோடர் கோக்கருக்கு 1909-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த அறுவையை நிறையச் செய்கிற கையைத் தேடிப் போவது வீண் அலைச்சல் இல்லை.

முழுசாக எடுத்தவர்களில் சிலருக்குக் கதிரியக்க அயோடின். தைராய்டு செல் அயோடினைக் கண்டால் விடாது என்ற பலவீனத்தையே ஆயுதமாக்கும் யோசனை இது. மாத்திரையாகவோ நீராகவோ விழுங்கினால், மிச்சமிருக்கும் செல்கள் எங்கே இருந்தாலும் தேடி வாங்கிக்கொண்டு கருகும். அதற்குமுன் ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு, பிறகு சில நாள் தனி அறை. எல்லாருக்கும் இது வேண்டியதில்லை. சிறிய, பரவாத புற்றுக்கு இதனால் லாபம் இல்லை. பிறகு தைரோகுளோபுலின் என்ற ரத்தப் பரிசோதனையும் கழுத்து ஸ்கேனும் வருஷா வருஷம் தொடரும்.

தேடியதால் வந்த வினை

தென் கொரியாவில் 1999-ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வந்த இடத்தில், கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் செய்துவிடலாம் என்று மருத்துவமனைகள் சொல்லின. ஜனங்களும் செய்துகொண்டார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு. நாட்டிலேயே அதிகம் கண்டுபிடிக்கப்படும் புற்றுநோய் அதுதான் என்றாகிவிட்டது. ஆனால் தைராய்டு புற்றுநோயால் சாகிறவர்கள் எண்ணிக்கை இம்மியும் மாறவில்லை.

யோசித்துப் பாருங்கள். நிஜமாகவே கொல்லுகிற நோய் 15 மடங்கு பெருகியிருந்தால் சாவு கூடியிருக்க வேண்டும். முன்கூட்டிப் பிடித்துக் காப்பாற்றியிருந்தால் சாவு குறைந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. யாரையும் எதுவும் செய்யாமல் ஆயுள் முழுக்க கழுத்தில் சும்மா கிடந்திருக்கக் கூடிய புள்ளிகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஃபின்லாந்தில் 1985-ல் வெளியான ஓர் ஆய்வில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டைச் சீவிப் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்குமேல் சிறு பாப்பில்லரி புற்று இருந்தது. அவர்களுக்கே தெரியாது. கொரியாவில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அநேகமாக எல்லாரும் அறுவைக்குப் போனார்கள். பதினைந்தாயிரம் பேருக்குமேல் எடுத்த கணக்கில் 11 சதவீதம் பேருக்குப் பாராதைராய்டு பாதிப்பும், 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழப்பும் வந்திருந்தன. 2014-ல் மருத்துவர்கள் சிலரே கூடி ‘போதும், நிறுத்துங்கள்’ என்று குரல் கொடுத்த பிறகுதான் அறுவைகள் குறைந்தன.

ஜப்பானில் கோபே நகரத்து குமா மருத்துவமனை 1993-லேயே எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்திருந்தது. ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் பாப்பில்லரி புற்றை அறுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார் அங்கிருந்த மருத்துவர் மியாவுச்சி அகிரா. அப்படிப் பார்த்துவந்த 1,235 பேரில், பத்து வருஷத்தில் மூன்று மில்லிமீட்டரோ மேலோ வளர்ந்தது நூற்றில் எட்டுப் பேருக்குத்தான். கழுத்துக் கணுவில் தெரிந்தது நூற்றில் நாலு பேருக்கும் குறைவு. அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. அதிலும் வயதானவர்களுடையதுதான் அதிகம் அசையாமல் கிடந்தது. இளையவர்களுடையது கொஞ்சம் சுறுசுறுப்பு. ‘வயசாயிடுச்சு, சீக்கிரம் எடுத்துடுங்க’ என்கிற நம் வீட்டுத் தர்க்கம் இங்கே தலைகீழ்.

இன்னும் ஒரு படி போய், 2016-ல் ஒரு வகைக் கட்டியின் பெயரிலிருந்தே ‘புற்றுநோய்’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். உறைக்குள் அடங்கி வெளியே துளைக்காத அந்த வகையை அதுவரை பாப்பில்லரி புற்று என்றே எழுதிவந்தார்கள். செல் மாறவில்லை, கத்தி மாறவில்லை, சொல் மட்டும் மாறியது. அதற்குப் பிறகு அந்த வகைக்காரர்களில் பெரும்பாலோருக்குக் கூடுதல் அறுவையும் கதிரியக்க அயோடினும் தேவையில்லை என்றாயிற்று. ‘கட்டி’ என்ற சொல்லைப் பற்றி முன்பு முணுமுணுத்தேனே, அது இதற்காகத்தான்.

ஆக, தொந்தரவே இல்லாத ஆள், மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில் ‘கழுத்து ஸ்கேன் இலவசம்’ என்று இருக்கிறது என்பதற்காகப் படுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் 2017-ல் இதையே சொன்னது. கையில் தட்டுப்படும் முடிச்சு வேறு விஷயம், அதை விடக் கூடாது. வேகமாக வளர்கிறது, கல்லாய் இருக்கிறது, குரல் கம்மிச் சில வாரமாகியும் தேறவில்லை, விழுங்கச் சிரமம், கழுத்தோரம் கணு வீங்கியிருக்கிறது, சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர், குடும்பத்தில் தைராய்டு புற்று உள்ளவர்: இவர்கள் யாரும் கொரியக் கதையைச் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது.

அக்காவுக்கு இதையெல்லாம் சுருக்கி ஒரு நீளமான குரல் செய்தியாக அனுப்பினேன். பாதிதான் கேட்டிருப்பாள். ஊசி போட்டாள். பெத்தஸ்டா 2 வந்தது. ஒரு வருஷம் கழித்து மறு ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மாத்திரை எதுவும் இல்லை. "மாத்திரையே குடுக்கலையே, சரியான டாக்டர்தானா?" என்று பெரியம்மா கேட்கிறாராம்.